யாருக்கோ நடந்த அர்ச்சனை

மலேசியாவில் செரண்டா ஊரைத் தாண்டி உள்ள தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு லோகேஸ்வரன்தான் செயலாளர். நாலு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. பந்தல், மைக், அன்னதானம், எல்லாவற்றுக்கும் அவன் வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு அவன் மனைவி தனேஸ்வரி வேண்டும்.

அவள் முகம் சுளித்தால், "எல்லாம் நம்ம குடும்பத்துக்குத்தானே லா" என்பான். வாராவாரம் குடும்பத்தின் பேரில் அர்ச்சனையும் செய்துவிடுவான். அதற்குமேல் ஒரு புருஷன் என்ன செய்ய முடியும் என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய கல்யாண நாள்.

"நானும் வரேன். மைக் பக்கம் போகாம எங்ககூட ஒக்காருங்க. முடியலன்னா சொல்லிடுங்க, இனிமே கேக்க மாட்டேன்" என்றாள் தனேஸ்வரி.

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னது அவனைப் பயமுறுத்தியது.

சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினான். கம்பத்து ஊர்க்காரர்களில் பாதிப் பேரின் நட்சத்திரம் அவனுக்கு மனப்பாடம். ஐயர் கேட்கும் முன்பே குரலை உயர்த்தினான்.

"லோகேஸ்வரன், மகம். தனேஸ்வரி, ரோகிணி."

"ரோகிணியா?" என்றாள் தனேஸ்வரி. "நான் சித்திரை."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வாராவாரம் இதைத்தானே சொல்றீங்க, செயலாளரே" என்றார் ஐயர், உதவி செய்வதாக நினைத்து.

ரோகிணி, கோயில் தலைவருடைய மனைவியின் நட்சத்திரம். வாரம் தவறாமல் அந்த அம்மாவுக்கும் அவன்தான் அர்ச்சனை சொல்வான்.

"அதான் பாத்தேன்" என்றாள் தனேஸ்வரி. "அவங்க மட்டும் எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். லோகேஸ்வரனும் சிரித்துப் பார்த்தான். சரியாக வரவில்லை.

அவள் பிள்ளைகளோடு தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அவனும் போய் உட்கார்ந்தான். நாலு வருடத்தில் இந்தக் கோயிலில் அவன் உட்கார்ந்ததே இல்லை. தரை சில்லென்றிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சின்னவள் மடியில் ஏறியதும் அந்தக் கவலை தீர்ந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "செயலாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும்."

பாதி எழுந்துவிட்டான். பழக்கம்.

"ஒங்களத்தான் கூப்பிடுறாங்க" என்றாள் தனேஸ்வரி, அவனைப் பார்க்காமல்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். "மைக் ஆன் பண்ணத் தெரிஞ்சிருக்குல்ல. மத்ததும் தெரியும்."

குழந்தையின் பால் புட்டி, துண்டு, மாற்றுச் சட்டை எல்லாம் இருந்த பையை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டான். ஏற்கெனவே தோளில் போட்டிருந்த செயலாளர் பட்டையைவிட அது கனமாக இருந்தது.