குறையாத போத்தல்

மலேசியாவில் லிங்கிப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள் நீலாவதி. காலையில் தண்ணீர் நிரப்பி எடுத்துப்போகும் போத்தலை, வேலை விட்டதும் அப்படியே நிறையத் திருப்பிக் கொண்டுவருவாள். அவளோடு பொறுக்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். தாகம் தாங்காவிட்டால் வாயை நனைத்துத் துப்புவார்கள். விழுங்கினால் ஒதுங்க வேண்டுமே, எங்கே ஒதுங்குவது? புல்லுக்கு மருந்தடித்து மரத்தடியெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. குலை வெட்டும் ஆண்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குக் கக்கூஸ் உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு.

கொஞ்ச காலமாக வெயில் ஏறினால் நீலாவதியின் தலைக்குள் புகை மூட்டம். பொறுக்கி முடித்த இடத்திலேயே மறுபடி போய்க் குனிவாள். கூட வேலை செய்யும் ரதியின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. புருஷன் முருகையா காத்துக் கருப்பு என்று முடிவுகட்டி, பூசாரியிடம் கயிறு வாங்கிக் கட்டினான். கயிறு கட்டிய கையோடுதான் அவள் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் கத்தியது காதில் விழுந்தது, புத்திக்கு எட்டவில்லை. ரதிதான் இழுத்துப் போட்டாள்.

வேலை வாங்கும் மண்டோர் தர்மேந்திரன் ஓடி வந்தான். நீலாவதி பார்க்க வளர்ந்த பையன்.

"என்னக்கா, காலையிலேயே சம்சு ஊத்திக்கிட்டியா? நாளைக்குப் பெரட்டுல ஒம் பேரக் கூப்பிட மாட்டேன்லா."

காலையில் ஆபீஸ் வாசலில் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். சாராய வாடையே ஆகாதவளுக்குக் குடிகாரிப் பட்டம் வேறு.

ரதி அவளை நேரே கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். தாதி விக்டோரியா ரத்தம், சிறுநீர், சீனி எல்லாம் பார்த்தாள். தூக்கம் கெட்டாலும், ரத்தம் குறைந்தாலும், சில மாத்திரைகளாலும்கூடத் தலை இப்படி மந்திக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கக்கா?"

"காலையில ஒரு கோப்பி. அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

"இந்த வெயில்லயா? ஏன்?"

"குடிச்சா எங்கம்மா போறது?"

விக்டோரியா சிறுநீர்ச் சோதனைத் தாளை இன்னொரு தரம் பார்த்தாள். "பேயும் புடிக்கல, ஒண்ணும் புடிக்கல. ஒடம்பு காஞ்சு கெடக்கு. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் வந்திருக்கு" என்று மருந்து கொடுத்தாள்.

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிடும் முன்பே நீலாவதி முன்னால் வந்து நின்றாள். போத்தலைத் திறந்தாள். எல்லோரும் பார்க்க, மடக்கு மடக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"குடிச்சிட்டேன், தம்பி. இனிமே தெனமும் குடிப்பேன். எங்க போறதுன்னு நீயே காட்டு."

பின்னால் ரதி தன் போத்தலைத் திறந்தாள். மற்றவர்களும் திறந்தார்கள். தர்மேந்திரன் தரையைப் பார்த்து, மேனேஜரிடம் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்தான்.

"நல்லா கேளு" என்றாள் நீலாவதி. "வேலக்காட்டுல எங்களுக்கு ஒரு கக்கூஸ் வர்ற வரைக்கும், லாரி வச்சு ஆபீசுக்குக் கூட்டிட்டு வா. பொம்பள ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டாதவங்க, அவ தல சுத்தி நின்னா பேயின்னும் சம்சுன்னும் பேசக் கூடாது. தாகத்துக்குத் தண்ணி குடிக்கவே எங்களப் பயப்பட வச்சிருக்கீங்க பாரு, அதாண்டா சீக்கு. மருந்து குடுக்க வேண்டியது தோட்டத்துக்கு."

தர்மேந்திரன் பையிலிருந்து ஆபீஸ் கக்கூஸ் சாவியை எடுத்து நீட்டினான். பிறகு பேர் கூப்பிட்டான். முதல் பேர் நீலாவதி.