ஒற்றை ஆள் அளவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டு எழுதினேன். என் காரின் புகைக்குழாய் கழன்று தொங்கியதால் ஒரு லாரிப் பட்டறையில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு கால் குட்டையான நாற்காலி. ஆடினால் கிறீச்சிடும். பேச்சு காதில் விழவேண்டும் என்பதற்காக ஆடாமல் இருந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "அவள் கண்களில் மேகம் கட்டி நின்ற அந்த மாலையில்—"

வேண்டாம். அவள் கண்களில் வெல்டிங் கண்ணாடி இருந்தது. மணி காலை பதினொன்று.

2

பட்டறை ஒரு புருஷன் பெண்டாட்டியுடையது. அவன் மெக்கானிக். அவள் லேத்தும் வெல்டிங்கும். (நான் எழுதும் குடும்பக் கதைகளில் நாயகிக்கு வங்கி வேலைதான் வழக்கம். முதல் வரைவில் இவளையும் வங்கிக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே இரும்பு அறுக்க வசதி இல்லை. திரும்பக் கூட்டிவந்துவிட்டேன்.)

இருவரும் பேசிப் பதினோரு நாளாகிறது. அவளுடைய அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது அவன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இந்தப் பட்டறையை ஒத்த ஆளா நின்னு நிமித்தினேன்." பரிமாறிக்கொண்டிருந்த அவள் கரண்டியை வைத்தாள். பேச்சையும் அதோடு வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அதே அண்ணனின் லாரி வந்து நின்றது. கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும்.

3

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சு வரை ஓடி, சக்கரத்தைச் சுழற்றும் நீளமான இரும்புக் குழாய்க்கு ஷாஃப்ட் என்று பெயர். புது கியர்பாக்ஸ் நீளம் கூடியது. அதனால் ஷாஃப்டை அறுத்துக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று அளப்பதற்கு லாரி தன் பாரத்தோடு தரையில் நிற்க வேண்டும். டேப்பின் நுனியை ஒருவர் பிடிப்பார், மற்றவர் அச்சுப் பக்கம் படுத்து எண்ணைப் படித்துச் சொல்வார். எப்போதும் படிப்பது அவள்.

இம்முறை ஒத்த ஆள். அங்கேயும் இங்கேயும் தவழ இடம் வேண்டுமே! லாரியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். டேப் நுனியைக் கம்பியால் கட்டினான். அட்டையில் சாக்பீஸால் 1462 மில்லிமீட்டர் என்று எழுதி லேத் மேல் வைத்தான்.

* இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது: தூக்கிய லாரியில் அச்சு தொங்கும், இடைவெளி நீளும். அந்த அளவுக்கு அறுத்த ஷாஃப்ட், பாரம் ஏற்றி மலைப்பாதையில் இறங்கும்போது கியர்பாக்ஸை முட்டி உடைக்கும். ஓட்டப்போவது அவளுடைய அண்ணன்.

4

"அண்ணே, அறுக்கட்டுமான்னு உங்க மாப்ளகிட்ட கேளுங்க."

"ஏன், மாப்ள காது நாலடி தள்ளித்தானே இருக்கு?"

"கேளுங்கண்ணே."

"மாப்ள, அறுக்கட்டுமாங்குறா."

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "அட்டை குடுத்தாச்சே மச்சான். பத்திரிகை வேற அடிச்சு வைக்கணுமா?"

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போன் ஒயரா?"

அவள் சிரிக்கவில்லை. தொங்கும் பின்சக்கரங்களைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடியும் சக்கரங்களை.

அண்ணனிடமே சொல்லி அனுப்பலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் "மாப்ளைக்கு அளக்கத் தெரியல" என்று அந்த மச்சான் வாயால் அவன் கேட்க வேண்டியிருக்கும். அவ்வளவு கோபம் அவளுக்கு இல்லை. பதினோரு நாள் கோபம் மட்டும்தான்.

5

முடிவு ஒன்று: பேசாமல் அறுத்துவிடுகிறாள். மலைப்பாதையில் ஒரு வளைவில் லாரி— இல்லை. அந்த அண்ணன் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தவர்.

முடிவு இரண்டு: அவன் வெளியே வந்து, "நீ இல்லாமல் நான் ஏது" என்று ஒன்றரைப் பக்கம் உருகுகிறான். எழுதினேன், அழகாகவே வந்தது. பிறகு கிரீஸ் அப்பிய அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

6

நடந்தது, நான் பார்த்தவரை:

லேத்தை நிறுத்தினாள். வந்து ஜாக்கியின் பிடியில் கைவைத்து நின்றாள். அவன் வெளியே உருண்டு வந்தான். ஸ்டாண்டை எடுத்து, லாரியைத் தரைக்கு இறக்கினாள். அச்சின் மேலிருந்த வில்பட்டைகள் முனகி வளைந்தன. சக்கரங்கள் உட்கார்ந்தன. அவன் சக்கரத்தைப் பார்த்தான். அட்டையை எடுத்து, 1462-ஐக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தான். அண்ணன் வேறு பக்கம் பார்த்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவன் டேப்பின் நுனியைத் தான் வைத்துக்கொண்டு, எண் தெரியும் டப்பாவை அவள் பக்கம் நீட்டினான்.

வாங்கினாள். ஆளுக்கொரு பக்கம் அடியில் போனார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும். டேப் விறைத்தது.

நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கிறீச்.

"உங்க கார் புகைக்குழாயை அவ அப்பவே ஒட்டிட்டாளே," என்றார் அண்ணன். "இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க?"

எழுந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே டேப் இப்போது உங்கள் கையில். குனிந்து பாருங்கள். எண்ணைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. எதிர்முனையில் ஒருவன் காத்திருக்கிறான், வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆயிரத்து நானூற்று (                )