கண்ணாடி எடுக்க வந்தவள்

...வீடு மாறி வந்துவிட்டோம், அவளுக்கு முதலில் அப்படித்தான் தோன்றியது, மூன்றாவது மாடிக்குப் பதில் இரண்டாவதிலேயே நின்றுவிட்டோம், சாவி எப்படியோ பொருந்திவிட்டது, யாரோ ஒரு பெண் சன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள், மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள்... ஆனால் அந்த ரேடியோ அவளுடையது. மேசையும் அவளுடையதுதான். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட அந்தக் கவுன் மட்டும் அவளுடையது இல்லை, கவுனுக்கு மேலே தெரிந்த பிடரி, போன ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டுகிறவர் கொஞ்சம் அதிகமாகவே ஒட்ட வெட்டிவிட்ட அந்தப் பிடரி, அதை இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் எப்படிச் சாத்தினாள், எத்தனை படி இறங்கினாள், ஒன்றும் நினைவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாவி இன்னும் கையில். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லைதானே? கண்ணாடி எடுக்க வந்தவள், வேலைக்குப் போய் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் கண்ணாடியை மறந்தது தெரிந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று... கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்து தொலைத்தது.

வேறொருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்த இரண்டு நொடியும் வேறொருத்தி என்றுதானே நெஞ்சு எரிந்தது, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டாமா, ஏன் வரவில்லை? வேறொருத்தி என்றால் என்ன செய்வதென்று எல்லாருக்கும் தெரியும், கத்தலாம், பெட்டியைக் கட்டலாம், அவர் தங்கைக்குப் போன் போட்டு உங்கண்ணன் லட்சணத்தைப் பாரு என்று அழலாம். இதை யாரிடம் என்னவென்று சொல்லி அழுவது? உங்கண்ணன் கவுன் போட்டுக்கொண்டு ரேடியோ ரிப்பேர் பண்ணுகிறார் என்றா? சிரிப்புகூட வந்தது. அவர்... நல்லவேளை, இந்த 'அவர்' என்ற சொல் யாருக்கும் பொருந்தும். இரண்டாவது மாடிக்காரர் உருளைக்கிழங்குப் பையோடு மூச்சிரைக்க ஏறி வந்தவர், என்னம்மா இங்க உக்காந்துட்டீங்க என்றார். மூச்சு வாங்குதுங்க என்றாள். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கே இந்தக் கதின்னா நாங்கல்லாம் எங்க போறது, உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு லீவுதானே, இந்தப் பாழாப்போன லிஃப்ட்ட கொஞ்சம் பாக்கச் சொல்லுங்களேன். சொல்றேங்க என்றாள். சொல்கிறாளாம். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன், கிரீஸ் கறை போகாத விரல்கள், மீசை, அந்த மீசையோடா? முகத்தைப் பார்க்காமலே ஓடிவந்துவிட்டாளே.

ஆனால் இவளுக்கு இதெல்லாம் புதிதா என்ன? பதினோரு வருடமாக விக் செய்கிற பட்டறையில் ஒவ்வொரு முடியாக வலையில் கோத்து முடிச்சுப் போடுகிறவள். பெண் வேஷம் கட்டி ஆடும், மகாராணி என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மேடைக்காரருக்கு இவள் கையால் மட்டும் எட்டுத் தலை செய்திருக்கிறாள், செம்பட்டையில் ஒன்று, கொண்டை வைத்தே மூன்று. ஒட்டு இமையும் உதட்டுச் சாயமுமாக அவர் மேடையில் இடுப்பை ஒடித்து நடந்தால் சனம் விசிலடித்துக் கூரையைப் பிய்க்கும், ஆட்டம் முடிந்ததும் தலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சீக்கிரம் விடுங்கம்மா, சின்னவளுக்குக் கணக்குப் பரீட்சை, நான் போய் உக்காந்தாத்தான் புத்தகத்தையே தொறப்பா என்பார். அது அவர் தொழில். அதைப் பார்த்து இவள் ஒருநாளும் திடுக்கிட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் நெட்டையக்கா. ஆண்பிள்ளையாகப் பிறந்ததாக ஊர் எழுதி வைத்தது, தான் பெண் என்பது அக்காவுக்கு ஐந்து வயதிலேயே தெரியும், அதைச் சொல்லி வீட்டைவிட்டு வெளியேறும்போது வயது இருபது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நீங்களும் மகாராணி மாதிரி ஷோ பண்ணுவீங்களாக்கா என்று கேட்டுவிட்டாள். அக்கா தலை நிமிராமல், அவரு ஆறு மணிக்குப் போட்டு ஒம்பது மணிக்குக் கழட்டுறாரு, நான் எதைக் கழட்டுறது, தோலையா என்றாள். இவள்தான் அன்றைக்கு அந்தப் பெண்ணைத் தனியே கூட்டிப்போய் வகுப்பெடுத்தாள், அது வேஷம், இது வேஷமில்லை, புரியுதா என்று. எல்லாம் புரிந்தவள்! அப்படியென்றால் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறதே, அது எது? மேடை இல்லை, விசில் இல்லை, பார்க்க ஓர் ஆள் இல்லை... அப்போ அக்கா மாதிரியா? இருபத்திரண்டு வருடம் யாரோடு குடித்தனம் நடத்தினேன்?

நெட்டையக்காவுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் அக்கா, எங்கடி போய்த் தொலைஞ்சே, முதலாளி ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு என்றாள். இவள் சொன்னாள், கீழ்க்குரலில், கையால் வாயை மூடிக்கொண்டு. "அவரும் உங்கள மாதிரியாக்கா?" கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. "என்னைக் கேட்டா? ஒரே கடையில துணி எடுத்தா சொந்தக்காரங்களாயிடுவாங்களா? உன் புருஷன் யாருன்னு நான் எப்படிடி சொல்றது. அந்தக் கவுனச் சிலர் ஆசைக்குப் போடுவாங்க, சிலருக்கு அதுல மனசு ஆறும், சிலருக்கு அது ஆரம்பமாவும் இருக்கும். அந்தாளுக்கு என்னன்னு அந்தாளுக்குத்தான் தெரியும்." "பயமா இருக்குக்கா." "இருக்கட்டும். போய்க் கேளு. ஆனா ஒண்ணு, பதிலை நீயே எழுதி எடுத்துக்கிட்டுப் போகாதே." அக்காவின் குரலில் சலிப்பா, அக்கறையா? இப்படி எத்தனை பேர் அக்காவிடம் வந்து அடுத்தவர் வீட்டுப் பூட்டுக்குச் சாவி கேட்டிருப்பார்கள்.

சாவி போடவில்லை. தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள், கல்யாணமான நாளிலிருந்து முதல்முறை. உள்ளே நாற்காலி இழுபட்டது, ஏதோ திருகாணி தரையில் உருண்டது. யாரு? நான்தான். நான் ஏற்கெனவே வந்துட்டுப் போனேன், பாத்துட்டேன், என்று கதவிடம் சொன்னாள். அந்தப் பக்கம் துணி சரசரத்தது, பிறகு கதவு திறந்தது. கவுனுக்கு மேலே தன் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். முகத்தில் அதே மீசை, அதே மூக்குக் கண்ணாடி, சாயம் பூச்சு எதுவும் இல்லை, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது முகம் மட்டும். நாம் பயந்ததைவிட இவர் பயந்திருக்கிறார் என்று பார்த்ததும், கேட்க வைத்திருந்ததெல்லாம் இடம் மாறிப்போயிற்று.

"நீங்க... பொம்பளையா ஆகணும்னு இருக்கீங்களா?" "இல்ல." "உள்ளுக்குள்ள பொம்பளைன்னு..." "இல்லம்மா. நானே எத்தனையோ தடவை கேட்டுப் பாத்திருக்கேன். ஆம்பளைதான்." "அப்போ மேடையில ஏறணும்னு ஆசையா?" "நானா? நாலு பேரைப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும், உனக்குத் தெரியாதா?" தெரியும், அவர் தங்கை கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்ததும் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்ட மனுஷன். "பின்ன எதுக்கு?" அவர் திருகாணியைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டா உடம்பு கொஞ்சம் லேசாகுது. பதினாறு வயசுலேர்ந்து. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல." அவ்வளவுதானா? அவ்வளவுதானா என்று கேட்கவும் முடியவில்லை, இவ்வளவா என்று கேட்கவும் முடியவில்லை. பதினாறு வயசு. இவளைப் பார்ப்பதற்கும் முன்னால். இவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட ஒன்று. எங்கே வைத்திருந்தார்? பழைய டூல் பெட்டிக்கு அடியில் என்றார், கேட்காமலே. அந்தப் பெட்டியை இவள் எத்தனை தடவை தூசி தட்டியிருக்கிறாள்.

மணி இரண்டாகப் போகிறது. முதலாளி கத்துவார், பாதியில் விட்டு வந்த விக் சாயந்திரத்துக்குள் முடிந்தாக வேண்டும், புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன ஒரு டீச்சருக்கு. கட்டில் மேலிருந்த கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டாள். சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க என்றாள், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். அவர் குனிந்து பார்த்தார், கழற்றுவதா சரியாகப் போடுவதா என்று விரல்கள் தடுமாறின. இவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவே?" கேட்டுவிட்டு அவரே அதிர்ந்து நின்றார். தினமும் கேட்பது, பழக்கத்தில் வந்துவிட்டது. இவள் கை கதவிலேயே நின்றது. பதினோரு வருடமாக ஒரு நாள் தவறாமல் கேட்ட கேள்வி, பட்டறையில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறாள், எங்க வீட்டுக்காரருக்கு நான் வர்ற நேரம் தெரியாட்டி இருப்புக்கொள்ளாது என்று, நெட்டையக்காகூட, கொடுத்து வச்சவடி நீ என்று... ஆறு மணி என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. எவ்வளவு சின்னப் பதில். கேட்டது யார், இவள் எப்போது வருவாள் என்று காத்திருந்தவரா, எதுவரை வரமாட்டாள் என்று கணக்குப் போட்டவரா? இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? இருந்திருக்கிறதே. அவர் பொத்தானைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், இவள் வாய் திறந்தாள், ஆறு என்பதற்குப் பதில் என்ன வரப்போகிறதென்று இவளுக்கே தெரியவில்லை...