ஆறு மணிக்கு வாத்துத் தீவு

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே மணியைப் பார்த்தார். ஐந்து ஐம்பது. அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில், உச்சியிலிருக்கிற மோட்டார் அறைக்கு வெளியே கடைசிப் படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மனுஷன் எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும் முதலில் தேடுவது அந்த மாதிரி ஒரு படியைத்தான். லிஃப்டுக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம்.

ஆறு மணி ஆனால் அவருக்கு வாத்துத் தீவு. சின்னப் பிள்ளைகள் போனில் ஆடுகிற ஆட்டம்தான், சிரிக்காதீர்கள். ஒரு தீவு, நடுவில் ஒரு குளம், குளம் நிறைய வாத்து. தீனி போட வேண்டும், கூடு கட்ட வேண்டும், முட்டை பொரிக்கிற வரை தேவுடு காக்க வேண்டும். நடுநடுவே பொம்மையின் தலைக்கு மேல் எழுதிப் பேசிக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயசு ஆளுக்கு அங்கே என்ன வேலை என்றால், அவர் மகள் அங்கேதான் வருவாள்.

மகளும் அவள் அம்மாவும் வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டார்கள், அந்தக் கதை நமக்கு வேண்டாம். அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு மகளிடம் பேசினால் "ம்", "சரி", "தெரியல" என்று மூன்றே பதிலில் முடித்துவிடுவாள். தீவுக்குள் வந்தால் மட்டும் வாய் ஓயாது. அதனால் போன் பண்ணுவது மெல்லக் குறைந்து, எட்டு மாசமாக அறவே நின்றுபோனது. தினமும் ஒரு மணி நேரம் பிள்ளை கூடவே இருக்கிறாள், இனி போன் எதற்கு என்று விட்டுவிட்டார்.

பெரியவர்களுக்குத் தீவில் பேச அனுமதி கிடையாது. "வயசு ஒன்பதுன்னு போடுப்பா, யாரும் பாக்க மாட்டாங்க," என்று மகள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். இவரும் போட்டுவிட்டார். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்தது.

அன்று திங்கட்கிழமை. காலையில் தீவைத் திறந்தால், வாசலிலேயே ஒரு வாத்து தொப்பி போட்டுக்கொண்டு ஆடுகிறது. தீவை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம், நம் குடும்பம் பெரிதாகிறதாம், எல்லோரும் கொண்டாட வேண்டுமாம். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. சின்ன வயசுக் கணக்குகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், இல்லாவிட்டால் அழிக்கப்படும். வாங்குகிறவன் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று அப்பன் ஆத்தாளைத் தேடுவானேன்?

உதவி எண்ணுக்கு அடித்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க வயசு ஒன்பதுன்னு இருக்கு. அம்மா அப்பா யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

"அவங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருஷமாச்சும்மா."

அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே குரல் இறங்கிவிட்டது. இவர் உண்மையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. வயதை மாற்றிவிடலாமாம், ஆனால் பெரியவராகிவிட்டால் பிள்ளைகளோடு பேச முடியாதாம். மகளின் கணக்குக்குப் பொறுப்பான அம்மா இவரைக் குடும்பத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் முடியுமாம்.

அவள் முடியாது என்றுவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு. அது போனால் அவரிடம் மிச்சம் என்ன? ஒற்றை அறை, ஒரு கட்டில், யாரோ எவரோ ஏறி இறங்குகிற லிஃப்டுகள்.

ஆறு மணிக்கு மகளின் பொம்மை, சிவப்பு ரிப்பனோடு, குளத்தங்கரைக்கு வந்தது. விஷயத்தை எழுதினார். "அம்மா ஒத்துக்குவாங்களா பாப்பா?"

பொம்மை குளத்தை ஒரு முறை சுற்றி வந்தது. பிறகு எழுதியது: "கேட்டுப் பாருப்பா."

மறுநாள் காலையில் மகளின் அம்மாவைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள், எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி. இவர் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அவ தீவுக்கு வர்றதில்லீங்க. பள்ளிக்கூடத்துல வாலிபால் சேந்துட்டா. சாயங்காலம் ஏழரை வரைக்கும் மைதானத்துலதான்."

"நேத்துகூட வந்தாளே."

"நேத்து வந்தது நான்."

மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"முதல் நாள் அவதான் போகச் சொன்னா. அப்பா தனியா நின்னுட்டிருப்பாரு, ஒரு நாள் நீ போய்த் தீனி போட்டுட்டு வந்துடும்மான்னா. மறுநாள் அவ சொல்லல. நானாத்தான் போனேன்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

மூன்று மாசம். இந்த மூன்று மாசமாகத்தான் மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவர் பூரித்துப்போயிருந்தார். சாப்பிட்டாயா, முதுகுவலி தேவலையா, மழையில் நனைந்தாயா என்றெல்லாம் கேட்கிறாளே என்று டீக்கடைக்காரரிடம்கூடப் பெருமை அடித்திருந்தார். பெற்ற பிள்ளை எது, அவள் அம்மா எது என்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வர மாட்டீங்க. அவ எப்படி இருக்கான்னு ஒரு நாளாவது போன் பண்ணிக் கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்."

"தினமும் அவகிட்டயே கேட்டேனே."

"என்கிட்ட கேட்டீங்க."

கையெழுத்தைப் பற்றி அவளே பேசினாள். விளையாடாத பிள்ளைக்கு என்னவென்று ஒப்புதல் கொடுப்பது, பொய்க் கையெழுத்து தன்னால் ஆகாது என்றாள். பிறகு, "இருங்க, அவ இங்கதான் இருக்கா, குடுக்கிறேன்," என்றாள்.

"அப்பா," என்றது ஒரு குரல். கனத்திருந்தது. வேறு யாரோ பெரிய பெண் என்றே முதலில் நினைத்தார். "நீ இன்னும் அந்த வாத்து ஆட்டம் ஆடுறியாப்பா?"

"இல்லம்மா. நானும் எப்பவோ விட்டுட்டேன்."

"நல்லதுப்பா. அது சின்னப் பசங்களுக்கு."

"வாலிபால்ல நீ என்ன பண்ணுவ?"

"அடிக்கிறவங்களுக்குப் பந்து தூக்கிக் குடுப்பேன். அம்மாகிட்ட கேளுப்பா, அவங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் தீவுப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமை வேறொரு கட்டடம், வேறொரு படி. ஆறு மணிக்குக் கை தானாகப் போனை எடுத்தது. சிவப்பு ரிப்பன் ஏற்கெனவே குளத்தங்கரையில் நின்றிருந்தது.

இரண்டு பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பிள்ளையை வைத்துத்தான் அவர்களுக்குப் பேச்சே. ஆளுக்கொரு பக்கமாக வாத்துகளுக்குத் தீனி போட்டார்கள். அழியப்போகிற கணக்கில் வாத்து தின்றால் என்ன, தின்னாவிட்டால் என்ன? இருந்தாலும் போட்டார்கள். ஏழு மணிக்குத் திரை வெள்ளையாகி, அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும் நின்றது.

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அவள் எண்ணுக்கு அடித்தார்.

"பாப்பா வந்துட்டாளா?"

"இல்ல. இன்னும் அரை மணி ஆகும்."

"சரி."

"வந்ததும் கூப்பிடச் சொல்றேன்."

"வேண்டாம்," என்றார். "வைக்காத. அவ வர்ற வரைக்கும் இப்படியே இருக்கேன்."

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது, குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது, பாத்திரங்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.