காயாத எண்ணெய்

குருசாமி ஐந்து மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். அடுப்பை மூட்டி ஒரு ஆளுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டான். குடித்து முடித்து, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் கிடத்தி, அதன் மரக்கட்டையைத் தொட்டுப் பார்த்தான். விரல் ஒட்டியது.

மூன்று வாரமாக ஆளிவிதை எண்ணெய் தடவுகிறான். ஒரு சொட்டு விட்டு உள்ளங்கை சுடும்வரை தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகுதான் அடுத்த சொட்டு. பீர்மேட்டு மழையில் ஒரு பூச்சு காய நாலைந்து நாள் ஆகிறது. காய்ந்தால் மரத்தோடு மரமாக இறுகிவிடும், நனைந்தாலும் வழுக்காது. தேங்காய் எண்ணெய் காய்வதே இல்லை. மதுரையில் கல்லூரிவரை படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்பு ஒருநாள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் சிறுத்தை வந்திருந்தது. துரை சீமையில். துப்பாக்கி ஆபீஸ் குமாஸ்தாவான இவன் பொறுப்பில். மழையில் வெளிறிப்போயிருந்த கட்டைக்கு, மனைவி வேலுத்தாய் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை அவசரமாகப் பூசிக்கொண்டு போனான். சுடும்போது தூறல். கட்டை தோளிலிருந்து நழுவி, குண்டு சிறுத்தையின் பின்னங்காலில் பட்டது. இவன் ரத்தத் தடத்தைத் தேடி மலையேறிக்கொண்டிருந்தபோது, அது கீழே ஊற்றடிப் புதரில் பதுங்கியிருந்தது. வேலுத்தாய் குடத்தோடு அங்கே போனாள்.

"என்னங்கய்யா, துப்பாக்கிக்குத் தீவாளியா? தெனமும் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறீக!"

காட்டில் தடம் பார்க்கும் மொக்கையன் வாசலில் நின்றான். சிரிப்பு உடனே அணைந்தது. "ஊத்தடியில புதுத் தடம் கெடக்கு. மூணு காலு ஊனியிருக்கு, ஒண்ணு இழுத்திருக்கு. பொம்பளைக தண்ணிக்குக் கெளம்பிட்டாக."

"போகவேண்டாம்னு சொல்லு."

"சொன்னேன். கஞ்சி காச்சத் தண்ணிக்குப் பதிலா ஒன் எச்சியத் துப்புறியாடான்னு கேக்குறாளுக."

"இந்தப் பூச்சு நாளைக்குக் காஞ்சிரும்."

"நாளைக்கா? இப்பவே தேங்காயெண்ணெயப் பூசிட்டு வாங்க. எண்ணெயில என்னய்யா சாதி?"

குருசாமி அடுப்புச் சாம்பலை அள்ளி, ஒட்டிய மேல்பூச்சைத் துணியால் உரித்தெடுத்தான். அடியில் பழைய பூச்சுகள் இறுகியிருந்தன. கையை நனைத்துப் பிடித்துப் பார்த்தான். வழுக்கவில்லை. இரண்டு தோட்டாக்களைப் போட்டான்.

ஊற்றடிப் பாதையெங்கும் மூடுபனி. முன்னால் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. சட்டென்று நின்றன. குடம் ஒன்று உருண்டது.

ஊற்றுக்கு மேலே பாறையில் அது பம்மியிருந்தது. கீழே குனிந்தபடியே உறைந்துபோயிருந்தாள் ஒருத்தி. கட்டை தோளில் அசையவில்லை. சுட்டான்.

சிறுத்தையைக் கம்பால் குத்திப் பார்த்துவிட்டு மொக்கையன் அருகே வந்தான். "இனி வேலுத்தாயம்மாவுக்கு மனசு ஆறும். கடைசியா ஒங்க பேரத்தான் சொன்னாகளாம். லயத்துல எல்லாரும் சொல்றாக."

சொல்லவில்லை. ஊற்றடியில் அவளைத் தூக்கியவன் குருசாமி. பேசக்கூடிய கழுத்தாக அது இருக்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியது அன்று காலையில், இவன் துப்பாக்கியோடு படியிறங்கும்போது.

"கையத் தொடச்சிட்டுப் போங்க. வழுவழுன்னு இருக்கு."