ஆளுக்கு நாலு மீன்

மீனைக் காணோம். பெரிய கை என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், சீப்பை வாயில் கவ்விக்கொண்டு தொட்டியின் முன்னால் குனிந்தாள். தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. காற்றுக்குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, செடி மெல்ல ஆடியது. கடைசியில், வடிகட்டிக்கும் கண்ணாடிச் சுவருக்கும் நடுவே விரல் நுழையாத சந்தில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்போரம் மின்னுகிற நீலக்கோடு, துவைத்துத் துவைத்துச் சாயம் போன நூல் மாதிரி வெளுத்திருந்தது. வால் பக்கத்துச் சிவப்பைத் தேடத்தான் வேண்டும்.

நாற்காலியில் ஈரத்தலையோடு இருந்த பக்கத்து வீட்டுக்காரி எதிரிலிருந்த முகக்கண்ணாடியில் பார்த்தபடியே கேட்டாள். "என்ன பெரிய கை, என் தலையவிட மீனுதான் ஒசத்தியா?"

"உங்க தலை எங்கயும் ஓடிடாது. செத்த இருங்க."

பெரிய கை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை. அப்போது அக்காவும் தங்கையும், இரண்டு நாற்காலி. அக்காவுக்கு அமைந்த கல்யாணம் நிலைக்கவில்லை. தங்கைக்கு அமையவே இல்லை. அதனால் அம்மா போன பிறகும் அதே வீடு, அதே கத்தரி. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்குப் பெரிய கையா, சின்னக் கையா?" என்பார்கள். அக்கா பெரிய கை, தங்கை சின்னக் கை; பேர் அப்படியே நின்றுவிட்டது. எரிவாயு உருளை கொண்டு வருகிறவர்கூட வாசலில் நின்று, "சின்னக் கை, கதவத் தொறங்க" என்பார்.

மீன் வந்தது குழந்தைகளுக்காக. கத்தரியைக் கண்டாலே அலறுகிற வாண்டுகளைத் தொட்டி முன் உட்காரவைத்தால், அழுகை பாதியில் நின்றுபோகும். நியான் என்கிற குட்டி வண்ணமீன்கள், எட்டு. ஒன்று திரும்பினால் எட்டும் திரும்பும். சீப்பு போட்டு இழுத்த முடி மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாயும். வேலை இல்லாத மதியங்களில் இரண்டு பேரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே மோர் குடிப்பார்கள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் அவர்கள். ஒருத்தி புரண்டால் மற்றவளும் தூக்கத்திலேயே புரண்டாக வேண்டும், இல்லாவிட்டால் போர்வை போய்விடும். "நம்மள மாதிரியே இருக்குதுங்க அக்கா" என்பாள் சின்னவள்.

அப்படி இருந்தவர்களை ஒரே ஒரு சொல் பிரித்தது. வழக்கமாக வருகிற டீச்சர் ஒருத்தி, "இனிமே எனக்குச் சின்னக் கைதான் வெட்டணும்" என்றாள். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவ கை இன்னும் பழகலைங்க. நீங்க இப்படி உக்காருங்க."

தங்கையினுடையது இருபத்திரண்டு வருடம் வெட்டிய கை. தங்கை கத்தரியைத் துடைத்து உறையில் போட்டாள். அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

பாகம் பிரிப்பது என்று வந்துவிட்டால் கிளிப்பும் தப்பாது. ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு கண்ணாடி. தொட்டிக்கிட்ட வந்ததும் தங்கை, "அக்கா, மீனு..." என்று வாயெடுத்தாள். அதற்குள் அக்கா வலையைப் போட்டுவிட்டாள். "ஆளுக்கு நாலு. யாருக்கும் குறை வேண்டாம்." நாலு போயிற்று, நாலு நின்றது. எட்டு மாதத்தில் இங்கே நின்ற நாலில் மூன்று ஒவ்வொன்றாய்ப் போய், இப்போது இது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, அக்கா வண்ணமீன் விற்கிறவரிடம் போய்க் கேட்டாள். அவர் நோயா என்றுகூடக் கேட்கவில்லை. "எத்தனை இருக்கு?" என்றார்.

"ஒண்ணு."

"அதாங்க. இது கூட்டத்து மீனு. ஆறுக்குக் கொறஞ்சாலே பயந்துக்கும். ஒத்தையா நின்னா இரையே எடுக்காது."

"அப்ப அஞ்சு குடுங்க."

"சரக்கு வர பத்து நாளாகும். அதுவரைக்கும் இது தாங்காது. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கூட்டம் இருந்தா, கொண்டுபோய்ச் சேத்துடுங்க."

தெரிந்தவர்கள்! அவள் வீட்டுக்கு வந்தாள். தொட்டி விளக்கை அணைத்தாள், செடியை நெருக்கி வைத்தாள், ஓரமாய்க் கொஞ்சம் இருட்டு செய்து கொடுத்தாள். மீன் அந்தச் சந்திலிருந்து வெளியே வரவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தாள், சிரிக்காதீர்கள். வெட்டி முடித்ததும் பின்பக்கம் காட்டுவோமே, அந்தக் கைக்கண்ணாடியைத் தொட்டியோரம் சாய்த்து வைத்தாள். மீன் வந்தது. தன் பிம்பத்தின் பக்கத்தில் உடம்பை ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பாடா என்றிருந்தது இவளுக்கு. ஆனால் சாயங்காலம் வரைக்கும் அது அங்கேயே நின்றது. போட்ட இரை அப்படியே அடியில் இறங்கியது. ஒருத்திக்குப் பின்பக்கம் காட்டக் கண்ணாடியை எடுத்ததுதான் தாமதம், விருட்டென்று பழைய சந்துக்கே ஓடிவிட்டது.

மறுநாள் கடைக்கு விடுமுறை. பாலித்தீன் பையில் தொட்டித் தண்ணீரோடு மீனைப் பிடித்து, காற்று நிறைத்து முடிந்து, வெளிச்சம் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தெருதான். எட்டு மாதமாய் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றிப் போன தெரு.

தங்கை தன் கடையில் தனியாகத்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள். "எத்தனை மிச்சம்?" என்றாள்.

"ஒண்ணு."

தங்கையின் தொட்டியில் பதினைந்துக்குக் குறையாது. எல்லாம் ஒன்றாய் இடப்பக்கம் போய், ஒன்றாய்த் திரும்பின.

"நம்ம நாலு எதுடி?"

"மொதல்ல தெரிஞ்சுது. இப்பத் தெரியல."

பையைப் பிரிக்காமல் அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டாள் தங்கை. இரண்டு தண்ணீருக்கும் சூடு ஒன்றாக வேண்டும். "இருவது நிமிஷம். ஒடனே விட்டா அதிர்ச்சியிலயே போயிடும். உக்காரு."

காத்திருப்போர் பெஞ்சில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. உட்கார இருந்தது வெட்டுகிற நாற்காலி மட்டும்தான். பழைய நாற்காலி, இவள் வீட்டிலிருந்து போனது; அக்கா அதில் உட்கார்ந்தாள்.

"ஆறுக்குக் கொறஞ்சா நிக்காதுன்னு அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றாள் தங்கை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாரே. நீ பேரம் பேசிட்டிருந்த."

"அப்ப எட்டையும் நீயே எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல."

"எடுத்துட்டு? நாற்காலி இருந்த எடமும் காலி, தொட்டியும் காலின்னு நீ உக்காந்திருக்கவா?"

அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். தங்கை பின்னால் வந்து நின்றாள். பிடரி முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு வெட்டினது இத?"

"நானேதான்."

"எலி கடிச்ச மாதிரி இருக்கு."

ஊருக்கெல்லாம் வெட்டுகிறவளுக்குத் தன் பிடரி எட்டாது. இருபத்திரண்டு வருடம் இவள் பிடரிக்கு அவள் கை, அவள் பிடரிக்கு இவள் கை. இந்த எட்டு மாதத்தில்தான் வேறு கடைக்குப் போக மனம் வராமல், குளியலறையில் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாய் வெட்டியிருந்தாள்.

தங்கை துணியை உதறி, கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். தண்ணீர் தெளித்தாள். கத்தரியை எடுத்தவள் கொஞ்சம் நின்றாள். கண்ணாடிக்குள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"வெட்டு" என்றாள் அக்கா. "பழகின கைதானே."

கத்தரி ஒரு தரம் காற்றில் சும்மா மூடித் திறந்தது. பிறகு பிடரியில் அதன் குளிர்ச்சி பட்டது.

எதிர்க் கண்ணாடியில் பின்னாலிருந்த தொட்டி தெரிந்தது. மேலே மிதக்கும் பை, அதற்குள் ஒரு மூலையில் அந்த ஒற்றை மீன். வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒன்று விலகி மேலே வந்து, பையோரம் மூக்கை வைத்து நின்றது. அப்புறம் இன்னொன்று, இன்னும் இரண்டு. உள்ளே இருந்தது மூலையை விட்டு மெதுவாய் அவற்றின் பக்கம் நகர்ந்தது. அதன் நீலம் திரும்பிவிட்டதா என்று அங்கிருந்து தெரியவில்லை. திரும்பிப் பார்க்கலாம்தான்.

"தலைய ஆட்டாத" என்றாள் தங்கை.

அக்கா ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.