வைக்கோல் பெட்டிச் சோறு

வைக்கோலை அமுக்கிப் பெட்டியின் மூடியைச் சாத்திய மிக்கேல்ராஜ், அதன்மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. அப்படியே பெட்டியின்மேல் சாய்ந்தார். ஏதோ யோசனையில் நிற்கிறார் என்றுதான் அவர் மனைவி புஷ்பமேரி நினைத்தாள். விறகுக்கடைக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே போய்த் தோளைத் தொட்டாள். மணி ஏழுகூட ஆகவில்லை.

ஒன்பது மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது. அவருடைய அக்கா ஆனந்தமேரி பஞ்சம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். இருந்தது ஒரே அறை. அதில் ஒரு மூலைதான் அடுப்படி. உட்கார இடமில்லாமல் அவள் அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்து மாரடித்தாள். எந்திரிங்க மதினி என்று சொல்லப் புஷ்பமேரிக்கு வாய்வரை வந்தது.

அது பழைய தேயிலைப் பெட்டி. மிக்கேல்ராஜ் சண்டைக் காலத்தில் பட்டாளத்துச் சமையற்காரர். அங்கே கற்ற வித்தை இது: அரிசி நாலு கொதி வந்ததும் பானையை இறக்கி வைக்கோலுக்குள் புதைத்துவிட்டால், மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும். ஊர் திரும்பியவருக்கு விறகுக்கடையில் எடை போடும் வேலை கிடைத்தது. சிறுமலையிலிருந்து வண்டி வண்டியாக மரம் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

"நம்ம வீட்டுல ரெண்டு கட்டை மிச்சம் பிடிச்சா மலை மொட்டையாகாம நின்னுருமாக்கும்?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"நிக்காதுதான். நம்ம கையி அதுல இல்லைன்னாவது இருக்கும்ல. உன் கண்ணுலயும் புகை போகாது."

முதல் நாளே மானம் போயிற்று. அன்று ஆனந்தமேரி விருந்துக்கு வந்திருந்தாள். பசிக்குது என்று அவள் பறந்ததில் அரை மணியிலேயே பெட்டியைத் திறந்துவிட்டார். சோறு பல்லில் நறநறவென்றது. "ஏண்டா தம்பி, பட்டாளத்துல கோழிக்கா சமைச்சுப் போட்ட?" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்துபோனதைப் புஷ்பமேரி பார்த்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து, அவர் கடைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் பானையை வெளியே எடுத்து அடுப்பிலேற்றி வேகவைத்து, அவர் வருவதற்குள் மறுபடி புதைத்து வைத்தாள். மத்தியானம் அவரே பெட்டியைத் திறந்து, ஒரு பருக்கையை நசுக்கி, "பாத்தியா?" என்பார். அந்த ஒரு "பாத்தியா"வுக்காகப் பதினோரு வருஷம் பொய்யை வளர்த்தாள். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அதைப் பாவத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். கிடத்தியிருந்தவரின் காதருகே குனிந்தாள்.

"ஏங்க..."

அதற்குமேல் வரவில்லை. பெண்கள் அவளைப் பிடித்து விலக்கினார்கள். மூன்று மணிக்குத் தூக்கினார்கள்.

கல்லறைக்குப் போனவர்கள் திரும்பி, வீடு கழுவியான பிறகு ஆனந்தமேரி சொன்னாள்: "பக்கத்து வீட்டுல கஞ்சி காச்சுறாக. பெட்டியில இருக்கறதக் கொட்டிருவோம். சாவு விழுந்த நேரத்துச் சோறு. அதுவும் வேகாத சோறு."

அந்நேரம் விறகுக்கடை வண்டிக்காரர் சோலைமுத்து ஒரு சிறு கட்டு விறகை வாசலில் இறக்கிவைத்தார். எல்லாம் விரல் தடிமனில் காய்ந்த புளியஞ் சிராய்கள்.

"அண்ணன் நேத்துப் பொறுக்கி வச்சது, அக்கா. செத்த நேரம் கெடைச்சாப் போதும், விறகுக் குமியில காஞ்சதாத் தேடிக்கிட்டிருப்பாரு. 'பெட்டியிலயே சோறு வேகுதுங்குறீக, பெறகு எதுக்குண்ணே இது'ன்னு ஒருநா கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"'நான் இங்கிட்டு வந்ததும் வீட்டுல மறுபடி அடுப்பு எரியுது சோலைமுத்து. தெரியும்னு சொன்னா சங்கடப்படுவா. பச்சை விறகா இருந்தா அவ கண்ணு என்னத்துக்காகும்'னாரு."

காலையிலிருந்து வராத அழுகை புஷ்பமேரிக்கு அப்போதுதான் வந்தது. தெரிந்துகொண்டேதான் தினமும் "பாத்தியா?" என்று கேட்டாராக்கும்! கோபம்கூட வந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை.

ஆனந்தமேரி பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"தொடாதீக மதினி."

"கொட்டணும்ல புள்ள?"

"கொட்ட மாட்டேன். அவரு வச்ச சோறு."

புஷ்பமேரியே மூடியைத் தூக்கி வைக்கோலை விலக்கினாள். பதினோரு வருஷத்தில் முதன்முறையாக அந்தப் பானை வைத்தது வைத்தபடி இருந்தது. திறந்ததும் லேசாக ஆவி எழுந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். வெந்திருந்தது. வெந்ததென்ன, கொஞ்சம் குழைந்தே போயிருந்தது.

ஒரு தட்டில் போட்டு, உப்பை வைத்து, நாத்தனாரிடம் கொடுத்தாள். ஆனந்தமேரி தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். அடுத்த வாயை அள்ளினாள்.

"பாத்தீகளா?" என்றாள் புஷ்பமேரி.

ஆனந்தமேரி காலித் தட்டை மறுபடியும் நீட்டினாள். புஷ்பமேரி இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு, மிச்சம் ஆறிப்போகாமல் பானையை மூடி, சுற்றிலும் வைக்கோலை அமுக்கினாள்.